பனைமேல் இருப்பவன் பேர்

தாலி கட்டிப் பதினாறு வருஷமாகியும் மக்தலேனா தன் புருஷன் பேரை ஒருதரம்கூட வாயால் சொன்னதில்லை. கோயிலில் கல்யாணப் பதிவு எழுதியபோது பங்குச்சாமியார் மாப்பிள்ளை பேரைக் கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சாமியாரே அலுத்துப்போய் எழுதிக்கொண்டார். ரேஷன் கடையில் கேட்டால் அட்டையை நீட்டுவாள். பர்மாக்காரப் பெண்கள் புருஷனை, மரியாதைக்கு ஒரு 'கோ' மட்டும் முன்னால் போட்டு, பேர் சொல்லித் தெருவில் கூப்பிடுவதைக் கேட்டால் இவளுக்குக் கூச்சத்தில் காது சிவக்கும். மூன்று தலைமுறையாக இந்த மண்ணின் அரிசியைத் தின்கிற குடும்பம்தான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவள் தாத்தா கப்பலை விட்டு இறங்கிய நாளிலேயே நின்றுவிட்டாள். மகள் ஏஞ்சலா பிறந்தபிறகு சௌகரியமாகப் போயிற்று. "ஏஞ்சலாப்பா" என்று குரல் கொடுத்தால் எங்கிருந்தாலும் "ம்ம்" என்று பதில் வந்துவிடும். அந்த "ம்ம்"தான் எண்பத்தொன்பதாம் வருஷம் மார்ச் மாதம், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள், அவளைக் குலைநடுங்க வைத்தது.

ரங்கூனிலிருந்து படகில் ஆற்றைத் தாண்டினால் தன்லியின். அங்கே ஒரு பழைய அரிசி மில்லுக்குப் பின்னால் இருபத்திரண்டு பனை நின்றது. அவள் புருஷன் சிலுவைமுத்து அத்தனையும் ஏறிப் பதநீர் இறக்குவான். அவள் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பாள். இருபத்திரண்டில் பதினாலு ஆண், எட்டு பெண். ஆண்பனை மார்கழியில் பாளை விட்டு மாசியில் ஓய்ந்துவிடும். பெண்பனை அப்படியில்லை, கொஞ்சம் வீம்பு. மாசி கடைசியில்தான் பாளையைக் காட்டும். அதைக் கடிப்பு என்கிற இடுக்கிக் கட்டை வைத்து நசுக்கி, தட்டி, காலையிலும் மாலையிலும் நுனியை மெல்லிசாகச் சீவிச் சீவி, ஒரு வாரம் பத்து நாள் கெஞ்சினால்தான் முதல் சொட்டு விழும். விழ ஆரம்பித்தால் மழைக்காலம் வரைக்கும் நிற்காது. ஆனால் நடுவில் மூன்று நாள் சீவாமல் விட்டால் வாயை மூடிக்கொள்ளும். அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்.

சிலுவைமுத்து வீட்டில் பனையேற்றத்துக்கென்று தனிச் சட்டமே உண்டு. பெண்பனையின் முதல் கலயத்தை விற்கக்கூடாது. அந்த நேரத்தில் வாசலுக்கு வருகிறவன் எவனோ அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். வருஷத்தின் முதல் இடி கேட்டதும் அரிவாளை இறக்கிவிட வேண்டும். தொட்ட மரத்தைப் பாதியில் விடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், பனைமேல் இருக்கிறவனைக் கீழே நின்று பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. சொந்தப் பேர் காதில் விழுந்தால் உடம்பு தன்னையறியாமல் திரும்புமாம், பிடி நழுவுமாம். சிலுவைமுத்துவின் சித்தப்பா அப்படித்தான் ஒருநாள் மத்தியானம் கீழே வந்து சேர்ந்தார். அவசரமென்றால் அடிமரத்தில் கல்லால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். இறங்கி வா என்று அர்த்தம். மக்தலேனாவுக்கு அதுவும் தேவைப்படவில்லை. "ஏஞ்சலாப்பா" என்பது பேரில்லையே.

முந்தின வருஷம் ஆகஸ்டில் ஜனங்கள் சர்க்காரை எதிர்த்துத் தெருவில் இறங்கி, ஊர் கொதித்து அடங்கியபிறகு பட்டாளம் வந்து மில்லுக்குள் குடியேறியது. மதிலை உயர்த்தி முள்கம்பி போட்டார்கள். மதிலோரம் வரிசையாக நின்றவை அந்த எட்டுப் பெண்பனைகளும்தான். மார்ச் இரண்டாம் வாரம் உத்தரவு வந்தது. மதிலோரத்து மரம் எதிலும் எவனும் ஏறக்கூடாது, ஏறினால் உள்ளே வேவு பார்க்கிறவன். எட்டுப் பாளையையும் நசுக்கிச் சீவ ஆரம்பித்து ஆறு நாள் ஆனபிறகு வந்த உத்தரவு. பனையைக் கேட்டா போடுகிறார்கள்?

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுச் சபாபதி ஆட்டுக்குக் குழை ஒடிக்க மதிலை ஒட்டிய புளியமரத்தில் ஏறினான். ஏறியவனை இறக்கி லாரியில் போட்டுக் கொண்டுபோனார்கள். அவன் கழற்றிவிட்டு ஏறிய ரப்பர் செருப்பு மரத்தடியிலேயே கிடந்தது. அவன் பெண்டாட்டிகூட அதை எடுக்கத் துணியவில்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

"அந்தச் செருப்பு இன்னும் அங்கேயே கெடக்கு. நீங்க ஏறாதீங்க" என்றாள் மக்தலேனா, வெள்ளிக்கிழமை ராத்திரி.

"நாலு மணிக்கு ஊரடங்கு விடுது. நல்லா வெளுக்க ஆறாவுது. ரெண்டு மணி நேரத்துல எட்டையும் சீவிட்டு எறங்கிருவேன். சாயங்காலமும் இருட்டுனப்புறம்தான் ஏறுறேன். நாலு நாளா எறங்கலயா?"

"இன்னைக்குப் பார்க்காதவன் நாளைக்குப் பார்க்க மாட்டானா?"

"தொட்ட மரம்டி. பாதியில விட்டா குருத்து வரைக்கும் அழுகிப்போகும்னு எங்கப்பா சொல்லுவாரு."

"மரம் அழுகினா அழுகட்டும்!"

அவனுக்கு இருந்தது தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவனும் பயந்தான். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினான். ஆனால் பட்டாளத்துக்குப் பயப்பட்டதைவிட அப்பன் சொல்லுக்குக் கொஞ்சம் அதிகமாகப் பயந்தான். சில ஆண்கள் அப்படி.

சனிக்கிழமை விடியுமுன் நாலு மரத்துப் பதநீரைக் கொண்டுவந்து கொப்பரையில் ஊற்றினான். "இன்னைக்குத்தான் முழுசா ஊறியிருக்கு பாரு" என்று முதல் கலயத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதி மரங்களுக்குப் போனான். மக்தலேனா அடுப்பை மூட்டினாள். ஏஞ்சலா நாலரைக்கே கோயிலைக் கூட்டிப் பெருக்கக் கன்னியாஸ்திரிகளிடம் போயிருந்தாள். ஐந்தரைக்குக் கிழக்கு வெளுத்தது. அவன் வரவில்லை. ஐந்தாவது மரத்துக் கொண்டையில் ஓலை அசைவதை அவள் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் சந்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

வந்தவர்கள் இரண்டு பேர். முன்னால் வந்தவன் சார்ஜெண்ட், நாற்பது வயதிருக்கும். பின்னால் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். சார்ஜெண்டை 'சயாஜி' என்றுதான் கூப்பிட வேண்டும். அவளும் அப்படியே கூப்பிட்டு எழுந்து நின்றாள். பேச்செல்லாம் பர்மிய பாஷையில்தான் நடந்தது.

"உன் வீட்டுக்காரன் எங்கே?"

"த்வாண்டேக்குப் போயிருக்கார், சயாஜி. கலயம் வாங்க."

அந்தப் பொய்யை அவள் இரண்டு நாளாகவே தயார் செய்து வைத்திருந்தாள். த்வாண்டேயில் சூளை இருக்கிறது, கலயம் அங்கேதான் வாங்குவார்கள், படகில் போனால் திரும்ப ஒருநாள் ஆகும். நல்ல பொய். யாரிடம் சொன்னாலும் செல்லும்.

சார்ஜெண்ட் கொப்பரைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "நான் மிங்யான் பக்கத்துக்காரன்" என்றான். "எங்கள் ஊரில் ஆளைவிடப் பனை அதிகம். என் அப்பா முப்பது பனை ஏறினார். கலயமெல்லாம் பனி விழுவதற்கு முன்னாலேயே வாங்கி அடுக்கிவிடுவார். பெண்பனை திறக்கிற நேரத்தில் வேலையை விட்டுவிட்டுக் கலயம் வாங்கப் போகிற பனையேறியை நான் பார்த்ததில்லை."

போயும் போயும் பனைக்காரன் மகனிடமா இந்தப் பொய்யைச் சொன்னோம் என்று மக்தலேனா தன்னையே நொந்துகொண்டாள்.

"உடைஞ்சுபோச்சு, சயாஜி. அணில் தள்ளி உடைச்சிருச்சு."

"இது?" என்று கொப்பரையைக் காட்டினான்.

"நேத்து சாயங்காலம் இறக்கினது. ஆண்பனையில."

அவன் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். "இந்த மாதத்தில் தோப்பிலுள்ள ஆண்பனை அத்தனையும் சேர்ந்து அழுதால்கூட இவ்வளவு வராது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னான். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. அரிவாள் பெட்டி மாட்டுகிற முளை வெறுமையாக இருந்தது நினைவுக்கு வந்து, நகர்ந்து அதை முதுகால் மறைத்துக்கொண்டாள். அவன் அதையும் பார்த்தான்.

தனியாக வைத்திருந்த கலயத்தை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். அது சட்டத்துக்காகவா, கையை எங்கே வைப்பது என்று தெரியாமலா என்று அவளுக்கே விளங்கவில்லை. சார்ஜெண்ட் அதை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். சிப்பாய்க்கும் கொடுத்தான். சிப்பாய் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான், பட்டணத்துப் பிள்ளை.

"ஏணி எங்கே? எங்கள் ஊரில் ஏணி சாத்தியிருக்கிற மரத்தில் ஆள் இருப்பான்."

"எங்க ஆளுங்க ஏணி வைக்கிறதில்லை. காலுக்கு நார்வளையம்தான்."

"அப்படியானால் கீழே நின்று ஒன்றும் சொல்ல முடியாது." அவன் எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டான். "சரி, நீ என்னோடு வா. வந்து ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று அவனைக் கூப்பிடு."

"அவர்தான் த்வாண்டேயில..."

"இல்லாதவனைக் கூப்பிட்டால் பதில் வராது. உனக்கென்ன நஷ்டம்? உச்சியில் தனியாக இருக்கிறவன் பெண்டாட்டி குரல் கேட்டால் யோசிக்க மாட்டான். வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். என் அப்பா அப்படித்தான்."

பின்னாலிருந்த சிப்பாய் துப்பாக்கியைக் கைமாற்றிக்கொண்டான்.

எட்டு மரம். முதல் மரத்துக்கு நாற்பது தப்படி இருக்கும். அந்த நாற்பது தப்படியில் மக்தலேனா ஒரு 'அருள்நிறைந்த மரியே' மந்திரத்தைக்கூட ஒழுங்காகச் சொல்லி முடிக்கவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வாயைத் திறந்து "ஏஞ்சலாப்பா" என்றால் ஐந்தாவது மரத்திலிருந்து "ம்ம்" என்று வந்துவிடும். இத்தனை வருஷப் பழக்கம், நெஞ்சு அடித்துக்கொள்வதைப் போல அது யாரைக் கேட்டும் வருவதில்லை. அப்புறம் லாரி, அப்புறம் இன்னொரு ஜோடிச் செருப்பு. பேர் சொல்லிக் கூப்பிட்டாலோ மனுஷன் பிடியை விட்டுவிடுவான். இந்தப் பக்கம் பட்டாளம், அந்தப் பக்கம் அறுபதடி உயரம். மாதாவே, எதைச் சொல்ல?

"கூப்பிடு" என்றான் சார்ஜெண்ட். அவன் மரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏ..." என்று தொடங்கிய வாய் அப்படியே நின்றது. ஒரு வினாடி கழித்து, அவளுடையதா என்று அவளே சந்தேகப்படுகிற குரலில் அந்தப் பேர் வெளியே வந்தது.

"சிலுவைமுத்து!"

தோப்பு முழுக்கக் கேட்டது. கிளி இரண்டு பறந்தது. பதில் இல்லை.

முதல் மரத்தில் ஆளில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவன் காதுக்குப் பேர் முதலில் தூரத்திலிருந்து போகட்டும் என்று ஒரு கணக்கு அந்த நடுக்கத்திலும் எங்கிருந்தோ வந்திருந்தது. ஆனால் தூரமென்ன, கிட்டமென்ன? பேர் பேர்தான். தொப்பென்று ஒரு சத்தம் கேட்கப்போகிறது என்று காதை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு நின்றாள். கேட்கவில்லை.

"அடுத்தது."

"சிலுவைமுத்து!"

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒவ்வொரு தரமும் அந்தப் பேர் வாயில் கல்லைப் போலக் கனத்தது. சிப்பாய் கொட்டாவி விட்டான். ஐந்தாவது மரத்தை நெருங்கும்போது அவள் கண்ணில் அது பட்டது. அடிமரத்துக்குப் பக்கத்தில், நீல வார் வைத்த ரப்பர் செருப்பு, கிழக்கு பார்த்து ஒழுங்காகச் சேர்த்துக் கழற்றி வைத்த ஒரு ஜோடி.

உயிர் போய்த் திரும்பி வந்தது என்று சொல்வார்கள். அவளுக்குப் போனது திரும்பி வரவில்லை. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. செருப்பைப் பார்த்தாலும் தப்பு, பார்க்காவிட்டாலும் தப்பு. சிப்பாய் நாலடி பின்னால் வந்துகொண்டிருந்தான். சார்ஜெண்ட் மரத்தடிக்குப் போனான். நின்றான். குனிந்து பார்த்தான். பிறகு இடதுகால் பூட்ஸால் இரண்டு செருப்பையும் ஒவ்வொன்றாகக் காய்ந்த புல்லுக்குள் தள்ளிவிட்டு, அதன்மேல் காலை ஊன்றி நின்றுகொண்டு, அவளைப் பார்த்தான்.

"கூப்பிடு" என்றான்.

இது இரக்கமா, இன்னொரு கண்ணியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. உச்சியில் ஓலை அசையவில்லை. கலயத்துக்குள் சொட்டு விழுகிற சத்தம்கூடக் கேட்டுவிடும் போல அவ்வளவு அமைதி. அவள் கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

"சிலுவைமுத்து!"

பதில் இல்லை. ஆள் விழவுமில்லை. பனை பனையாக நின்றது.

ஆறு, ஏழு, எட்டு. முடிந்தபோது அவளுக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. "ஆள் இல்லை என்று எழுதிக்கொள்" என்று சார்ஜெண்ட் சிப்பாயிடம் சொல்லி அவனை முன்னால் அனுப்பினான். அவன் சந்து திரும்பியபிறகு அவளிடம் வந்து, ஏதோ ஊர் நடப்பை விசாரிப்பதுபோல மெதுவாகப் பேசினான்.

"உன் வீட்டுக்காரன் த்வாண்டேயிலிருந்து வந்தால் சொல். நான் இன்று ராத்திரி வேறு முகாமுக்குப் போகிறேன். நாளை இங்கே நிற்கப்போகிறவன் ஷான் மலைக்காரன். அவனுக்குப் பனையும் தெரியாது, பெண்பனை எப்போது திறக்கும் என்பதும் தெரியாது. ஓலை அசைந்தால் சுடு என்று உத்தரவு. அவன் சுடுவான்."

போய்விட்டான். மக்தலேனா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளால் உடனே கல்லைத் தட்ட முடியவில்லை. மதில்மேல் காவல்கூண்டில் எவனோ நின்றான். வெயில் ஏறியது. கொப்பரையில் பாகு அடிப்பிடித்துக் கருகியது, அவள் போய்ப் பார்க்கவில்லை. மத்தியானம் ஏஞ்சலா வந்து "அப்பா எங்கம்மா?" என்றாள். "த்வாண்டே போயிருக்காருடி" என்றாள் பெற்ற மகளிடமே. மகள் முளையைப் பார்த்தாள், அம்மா முகத்தைப் பார்த்தாள், அதற்குமேல் கேட்காமல் ஒரு மூலையில் போய் உட்கார்ந்தாள். அந்த வருஷத்தில் பிள்ளைகள்கூடக் கேட்காமலிருக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

இருட்டுக் கட்டியபிறகு மக்தலேனா ஐந்தாவது மரத்தடிக்குத் தவழாத குறையாகப் போய், கல்லால் இரண்டு தட்டுத் தட்டினாள். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. செத்துப்போய் ஓலைக்கிடையில் மாட்டிக்கொண்டிருக்கிறானோ என்று நினைத்தாள். பிறகு பட்டையில் நார் உரசுகிற சத்தம் மெதுவாக இறங்கி வந்தது.

அவனால் நிற்க முடியவில்லை. இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன, உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. அவளும் பின்னாலேயே வந்திருந்த ஏஞ்சலாவும் தோள்கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து தேங்காயெண்ணெய் தடவினார்கள்.

"எறங்குறதுக்கு ஒரு காலை எடுத்து வெளியே வச்சுட்டேன்" என்றான். பகல் முழுக்கப் பேசாத குரல் கரகரத்தது. "அப்பத்தான் உன் குரல்ல என் பேரு கேட்டுச்சு. நான் செத்துட்டேன்னு நெனச்சேன், மக்தலே. உசுரோட இருக்கும்போது நீ சொல்ல மாட்டியே. உடம்பு ஒருபக்கம் திரும்பிச்சு. பாளையக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். அப்புறம் இடுப்பு நாரை அவுத்து மட்டையோட சேத்து என்னையக் கட்டிக்கிட்டேன். ரெண்டாவது தரம் கேட்டப்பதான், என்னமோ நடக்குது, பேசக்கூடாதுன்னு வெளங்குச்சு."

அவள் சார்ஜெண்ட் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். நாளைக்கு வரப்போகிறவன், ஓலை அசைந்தால், உத்தரவு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் கையை விரித்து விரித்துப் பார்த்தான்.

"சாயங்காலச் சீவல் தப்பிப்போச்சு" என்றான். "காலையிலயாவது சீவணும். கோயிலுக்குக் குருத்தோலை வேற வெட்டித் தரேன்னு சாமிகிட்டச் சொல்லியிருக்கேன்."

அவள் அழுதாள், திட்டினாள், மகளைக் காட்டிக் கெஞ்சினாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

விடியக்காலை நாலு மணிக்கு ஊரடங்கு விடுகிற மில் சங்கு ஊதியது. பக்கத்தில் பாய் அசைந்தது. அவன் தடுமாறி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, இருட்டில் முளையைத் தடவி அரிவாள் பெட்டியை எடுப்பது கேட்டது. இனி அழுது பிரயோஜனமில்லை. "ஏஞ்சலாப்பா" என்றால் "ம்ம்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிடுவான். அவள் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே, மகள் விழித்துவிடாத அளவு தணிந்த குரலில் சொன்னாள்.

"சிலுவைமுத்து."

அவன் கை அப்படியே நின்றுவிட்டது. இருட்டில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு பெட்டியை முளையில் திரும்ப மாட்டினான். வாசற்படியில் போய் உட்கார்ந்து, தோப்புப் பக்கம் பார்த்துக்கொண்டே விடியும்வரை இருந்தான்.

அன்று கோயிலில் பனங்குருத்து இல்லாமல் தென்னையோலையை வைத்து ஒப்பேற்றினார்கள். ஈஸ்டருக்குள் எட்டுப் பாளையும் வற்றிக் கறுத்துவிட்டன. அந்த வருஷம் முதல் இடி கேட்டபோது இறக்கிவைக்க அவனுக்கு அரிவாள் கையில் இல்லை, அது அன்றிலிருந்து முளையிலேயே தொங்கியது. சபாபதியின் செருப்பு மழை வந்து அடித்துக்கொண்டு போகும்வரை புளியமரத்தடியிலேயே கிடந்தது. புல்லுக்குள்ளிருந்து எடுத்து வந்த நீல வார்ச் செருப்பு வாசலில் கிடந்தது. மக்தலேனா தினமும் காலையில் கண் விழித்ததும் முதலில் அது இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள்.